ரோடும் தண்ணி குடிக்கும் பாஸ்!

கோடை முடிஞ்சு முதல் மழை. வானவில்லை எங்கே பார்க்கலாம்? மேலே பார்க்காதீங்க பாஸ்... தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வாங்க. ரோட்டோரம் தேங்கின தண்ணி மேல கலர் கலரா மிதக்கும். பார்க்க அழகுதான். ஆனா, அத்தனையும் எண்ணெய்!

மழை இல்லாத மாசமெல்லாம் ரோட்டுல என்ன சேருதுன்னு நினைக்கிறீங்க? இன்ஜின் ஆயில் சொட்டு, டயர் தேய்ஞ்ச தூள், பிரேக் தூள். டயர்ல துத்தநாகம், பிரேக்ல தாமிரம். முதல் மழை இதையெல்லாம் வழிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பும். முடிச்சூர் பக்கம்னா அடையாறு. கிழக்குத் தாம்பரம், செம்பாக்கம் பக்கம்னா ஏரி ஏரியா இறங்கி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல ராம்சர் பட்டியல்ல இடம் பிடிச்ச இடம் அது. பறவைகள் இரை தேடுற அந்தத் தண்ணியிலதான் நம்ம பைக் சிந்தின ஆயிலும் கலக்குது.

நான் சிவில், மூணாம் வருஷம். மினி புராஜெக்ட்டுக்கு எங்க டீம் எடுத்த தலைப்பு, 'பெர்வியஸ் கான்கிரீட்'. அதாவது, தண்ணி குடிக்கிற கான்கிரீட்! ரெசிபி சிம்பிள். வழக்கமான கான்கிரீட்ல இருந்து மணலை எடுத்துடுங்க. ஜல்லி, சிமென்ட், அளந்து ஊத்தின தண்ணி... அவ்வளவுதான். பொரி உருண்டை சாப்பிட்டிருக்கீங்கல்ல? ஜல்லிதான் பொரி, சிமென்ட்தான் வெல்லப்பாகு. பாகு பதம் முக்கியம். தண்ணி கூடினா சிமென்ட் வழிஞ்சு அடியில போய் அடைச்சிடும். குறைஞ்சா ஜல்லி உதிரும். கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும்!

பதம் சரியா வந்தா, கான்கிரீட்டோட கன அளவுல 15-லிருந்து 25 சதவிகிதம் வரை வெறும் ஓட்டைதான். சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேலகூட உள்ளே இறங்கும். லேப்ல ஒரு பக்கெட் தண்ணியை ஊத்தினப்போ, பார்த்துக்கிட்டிருந்த அட்டெண்டர் அண்ணன், ''எங்கேம்மா போச்சு தண்ணி?''ன்னு குனிஞ்சு தேடினார்!

அந்த நேரம் பார்த்து, அப்பா வீட்டு வாசல் முழுக்க டைல்ஸ் போடப் போறேன்னு கிளம்பினார். 2019 கோடையில எங்க கிணறு வத்தி, லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன வீடு எங்க வீடு. விடுவேனா? ''டைல்ஸ் வேணாம்ப்பா, இதைப் போடலாம்''னேன்.

''கார் ஏறினா உடையாதா?'' ''கார் தாங்கும்ப்பா. தண்ணி லாரி மட்டும் வேணாம்.'' அடுத்து அப்பா கேட்டதுதான் நெத்தியடி. ''சரி, கார் ஆயிலெல்லாம் நேரா நம்ம கிணத்துக்குள்ள இறங்கிடாதா?''

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்கவேண்டிய கேள்வி! பதில் இதுதான் மக்களே... உலோகத் தூள்ல பெரும்பகுதி மண் துகளோட ஒட்டிக்கிட்டுத்தான் வரும். அந்தத் துகளை கான்கிரீட்டும் கீழே இருக்கிற ஜல்லிப் படுகையும் வடிகட்டிடும். சிமென்ட்டோட காரத்தன்மை, கரைஞ்ச உலோகத்துலயும் கொஞ்சத்தைப் பிடிச்சு வைக்கும். ஓட்டைகள்ல குடியேறுற நுண்ணுயிரிகள் எண்ணெயை மெதுவா தின்னும். ஆனா, நைட்ரேட் அப்படியே நழுவிப் போயிடும். சாக்கடை கலந்த தண்ணியை இது சுத்தம் பண்ணாது. அதனால கிணத்தை ஒட்டியும், செப்டிக் டேங்க் பக்கமும் போடக் கூடாது. கிணத்துக்கு மொட்டை மாடித் தண்ணி. அதுக்குத்தான் 2003-லயே சட்டம் வந்தாச்சு. வாசலுக்கு இது!

அப்பா அரை மனசா தலையாட்டினார். பாட்டிதான் மடக்கினாங்க. ''இத்தனை ஓட்டையில கோலம் எங்கடி போடுறது?'' நியாயம்! கோலமாவு, சாணி, மணல்... எல்லாமே ஓட்டையை அடைக்கிற ஆசாமிங்க. வருஷத்துக்கு ஓரிரு தடவை உறிஞ்சு எடுக்கணும், இல்லைன்னா பிரஷர் வாஷ் அடிக்கணும். கடைசியில பஞ்சாயத்து முடிஞ்சது. கார் நிக்கிற இடத்துக்கு என் கான்கிரீட், வாசப்படிக்கு நேரா பாட்டிக்குச் சாதா சிமென்ட்டுல கோலச் சதுரம்!

'இதைப் போட்டா வெள்ளமே வராதா?'ன்னு கேட்காதீங்க. கணக்குப் போட்டுடலாம். 15 சென்டிமீட்டர் கான்கிரீட்ல 20 சதவிகிதம் ஓட்டைன்னா, 3 சென்டிமீட்டர் மழை நிக்கும். கீழே 30 சென்டிமீட்டர் ஜல்லி, அதுல 40 சதவிகிதம் இடைவெளின்னா இன்னொரு 12. மொத்தம் 15. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில தாம்பரத்துல 24 மணி நேரத்துல பதிவானது 49 சென்டிமீட்டர்! போதாதுல்ல? பல்லாவரம் பக்கம் பாறை வேற இருக்கு. மண் ஆழம் இல்லாத இடத்துல, மிச்சத் தண்ணி வெளியேற அடியில ஓட்டைக் குழாய் போட்டாகணும். பேய்மழையை நிறுத்துறது இதோட வேலை இல்லை. ஏரிக்குப் போற முதல் மழை அழுக்கைப் பிடிச்சு வைக்கிறதுதான் வேலை.

அமெரிக்காவுல, நியூஜெர்சி எடிசன்ல 2009-ல அவங்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே தன் பார்க்கிங்ல தண்ணி இறங்குற தரை மூணு வகை போட்டு, கீழே இறங்கின தண்ணியைப் பிடிச்சு சோதனை பண்ணுச்சு. நம்ம பக்கத்துல திருப்பதி ஐ.ஐ.டி-யிலயும் இதுல ஆராய்ச்சி நடந்திருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இது ஒத்துவராது. நடைபாதை, பார்க்கிங் போதும்.

நாளைக்கு காலேஜ் போனதும், டூவீலர் ஸ்டாண்டுல ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க. இறங்குதா, ஓடுதா? ஓடினா பின்னாலயே நடந்து, எந்த ஏரிக்குப் போகுதுன்னு கண்டுபிடிங்க. உங்க மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு ரெடி!