கணக்கில் வராத ஷாக்

பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கடி கடிக்குமே, அதுதான் நிலைமின்சாரம். அந்தக் கடி மனிதனுக்கு உறைப்பதற்கே சுமார் 3000 வோல்ட் வேண்டும். (பயம் வேண்டாம், மின்னூட்டம் கொஞ்சம்தான், கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும்.) ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில சில்லுகளுக்கு 100 வோல்ட்டே அதிகம். வில்லங்கம் இந்த இடைவெளியில்தான். கைக்கு ஒன்றுமே தெரியாது, சில்லு அடி வாங்கியிருக்கும்.

ஒரேயடியாகச் செத்தால்கூடப் பரவாயில்லை. குற்றுயிராகக் கிடப்பதுதான் கொடுமை. வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிக் காசு வாங்கி, ரிச்சி தெருவில் ராம் வாங்கி வந்து, பொட்டியைத் திறந்து மாட்டுகிறான் ஒருவன். ஆன் செய்தால் ஜம்மென்று ஓடுகிறது. உள்ளே மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒரு காயம் பட்டிருந்தால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மூன்று மாதம் கழித்துப் பொட்டி அடிக்கடி ஹேங் ஆகும். பழி வைரஸ் மேல் போகும், விண்டோஸ் மேல் போகும், பாவம், கடைக்காரர் மேலும் போகும். தொட்ட கை மேல் மட்டும் போகாது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், நட்டம் ஒரு தேதியில், பதிவு இன்னொரு தேதியில், அதுவும் தப்பான பேரேட்டில்!

இத்தனைக்கும் தடுக்கும் செலவு ரொம்பக் குறைவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் கட்டி, அதன் கிளிப்பைப் பொட்டியில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டினால் போதும். கையும் பொட்டியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். வித்தியாசமே இல்லாதபோது பாய்வதற்கு என்ன இருக்கிறது? அந்த ஒயரில் 1 மெகாஓம் மின்தடை ஒன்று இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட் கையில் பட்டாலும் அந்த ஒயர் வழியாகக் கால் மில்லிஆம்பியர்கூட ஓடாது. அதனால் வெறும் ஒயரைக் கையில் சுற்றிக்கொள்ளும் மேதாவித்தனம் வேண்டாம். ஸ்ட்ராப் இல்லாதவர்கள் அந்த உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டு, ராமின் தங்க நிறப் பற்களைத் தொடாமல் விளிம்பைப் பிடிக்கலாம்.

வெள்ளிநிறப் பையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. போர்டைப் பைக்கு மேலே வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அதிலுள்ள உலோகப் படலம் காப்பது உள்ளே இருக்கும் பொருளைத்தான், பையும் மூடியிருக்க வேண்டும். இளஞ்சிவப்புப் பைக்கு அந்தக் கவசமும் கிடையாது. அது தன் பங்குக்கு மின்னூட்டத்தை உண்டாக்காமல் இருக்கும், அவ்வளவுதான்.

"சென்னைப் புழுக்கத்தில் இதெல்லாம் வராதுப்பா" என்பவர்கள் சொல்வது பாதி சரி. ஈரக்காற்றில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும். ஆனால் வேலை நடப்பது ஏசி அறையில், காற்று உலர்ந்துபோயிருக்கும். மேஜையில் பக்கத்திலேயே தெர்மாகோல், கேரி பேக். இவை மின்கடத்தாப் பொருட்கள், எர்த் கொடுத்தாலும் மின்னூட்டம் இறங்காது. பொட்டியைத் திறக்கும் முன்பே அவற்றை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டியதுதான்.