வாதாபியில் முதல் நாள்

ஆம்பூர்வாசிகளுக்கு விடுமுறை என்றால் மலைதான். கூப்பிடு தூரத்தில் ஏலகிரி இருக்கிறது. கையில் கொஞ்சம் அதிகமாகப் பணம் சேர்ந்தால் உதகமண்டலம். நாங்கள் குடும்பத்தோடு பாதாமிக்குப் புறப்படுவதாகக் கேள்விப்பட்ட அண்டை வீட்டுத் தோல் வியாபாரி, "பாறையைப் பார்க்கவா ஸார், ரயில் சார்ஜ் கொடுத்துக்கொண்டு போகிறீர்கள்? நம் ஊரைச் சுற்றி இல்லாத பாறையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பக்கத்துப் பாறை கருங்கல். பாதாமியின் பாறையோ சுட்ட செங்கல்லைப்போல் சிவந்தது. தவிரவும், பாதாமி என்பது நம்முடைய பழைய வாதாபியேதான். 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரையில் தொடர்கதையாக வந்தபோது வாரந்தோறும் காத்திருந்து படித்த பாட்டிமார்கள் இருந்த வீடுகளில், அந்தப் பெயரைச் சொன்னதும் தீப்பற்றி எரியும் ஒரு நகரம் கண்முன் வந்து நிற்கும். எங்கள் வீடும் அத்தகையதே.

பிற்பகல் ரயிலில் பெங்களூர் சேர்ந்து, ஹூப்ளி, கதக் மார்க்கமாகச் செல்லும் இரவு வண்டியைப் பிடித்தோம். பொழுது விடிந்து வெகு நேரம் வரையில் ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண்தான். அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த சோளக் கொல்லைகள், எங்கோ ஒரு வேப்ப மரம். பிறகு திடீரென்று, யாரோ குங்குமத்தைக் கொட்டிக் குவித்தாற்போல் அடிவானத்தில் குன்றுகள் தலைகாட்டின. "அதோ வாதாபி!" என்று கூவினான் என் பையன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கதையை ஒருமுறை முழுதும் படித்தவன்.

ஸ்டேஷனிலிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள்ளேயே மே மாத வெயில் தன் பராக்கிரமத்தைக் காட்டிவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதன் பொருள், புத்தகத்தைக் காட்டிலும் இந்தச் சாலையில் எளிதாக விளங்குகிறது. ராஜபுதனத்தைப்போல் மணல் மேடுகள் இல்லை. ஆனால் முட்செடி, கள்ளி, அனல் கக்கும் செம்பாறை என்று பாலையின் லட்சணங்கள் யாவும் இருக்கின்றன.

அந்தப் பாறைகூட ஒரு காலத்தில் மணலாக இருந்ததுதான். நிலத்தில் செடி கொடிகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே நீரோட்டங்கள் கொண்டுவந்து படியவைத்த மணல், அடுக்கடுக்காக இறுகிக் கல்லாயிற்று. அதில் கலந்த இரும்பு துருவேறிச் சிவப்பைக் கொடுத்தது. குகைச் சுவர்களில் அந்த அடுக்குகள் சேலைக் கரைபோல் வரி வரியாகத் தெரிகின்றன. கருங்கல்லோடு மல்லாடும் நம் சிற்பிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உளிக்கு இத்தனை இணங்கும் கல் கிடைத்த சளுக்கியர்கள்மீது சற்றுப் பொறாமைகூட உண்டாகிறது.

பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. விடுதியில் ஜோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் பரிமாறினார்கள். ஆம்பூர் பிரியாணிக்குப் பழகிய நாக்கு முதல் ரொட்டியில் முறைத்துக்கொண்டு, மூன்றாவதில் சமாதானமாயிற்று.

நான்கு மணிக்கு மேல் குகைகளுக்குப் படியேறினோம். குரங்குகள் ஜாக்கிரதை! என் மனைவியின் கையிலிருந்த வாழைப்பழம் முதல் குகைக்குக்கூட வந்து சேரவில்லை. அந்தக் குகையின் வாயிலருகே பதினெட்டுக் கரங்களோடு நடராஜன் ஆடுகிறான். மூன்றாவது குகைதான் எல்லாவற்றிலும் பெரியது. சளுக்கிய மங்களேசன் திருமாலுக்காகக் குடைவித்தது. அங்குள்ள கல்வெட்டில் சகம் 500, அதாவது கி.பி. 578 என்று வருஷமே பொறித்திருக்கிறது.

பையன் சிறிது நேரம் கணக்குப் போட்டான். "நரசிம்ம பல்லவர் வாதாபியைப் பிடித்தது 642-ல். இது அதற்கு அறுபத்து நாலு வருஷம் முந்தியதா? அப்படியானால், அப்பா, எரிந்தது எங்கே?"

என்ன பதில் சொல்வது? அனந்தன்மீது வீற்றிருக்கும் திருமாலும், வானளாவ உயர்ந்த நரசிம்மமும் முழுசாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். பல்லவ சேனை இந்த ஊரில் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. இருந்தும் இவை பிழைத்திருக்கின்றன. அரண்மனையும் வீடுகளும் என்ன ஆயின என்பதைக் கல் சொல்லவில்லை.

இறங்கி அகஸ்திய தீர்த்தக் கரைக்கு வந்தபோது, ஊர்க்காரரான ஒரு முதிய வழிகாட்டி எங்களோடு சேர்ந்துகொண்டார். நரசிம்மவர்மன் வெற்றியைக் குறிக்கும் சிதைந்த கல்வெட்டு இருக்கும் பாறையைக் காட்டினார். எழுத்துகள் பல உதிர்ந்துவிட்டன. நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே, தமக்குத் தெரிந்த தமிழில், "உங்கள் ராஜா இங்கே எழுதினார். எங்கள் ராஜா உங்கள் ஊரில் எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா, அண்ணா?" என்றார்.

பார்த்திருக்கிறேன் என்றேன். வாதாபி வீழ்ந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழி தீர்க்க அவனுக்குக் காரணம் இருந்தது. ஆனால் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டவன் அதைக் கவர்ந்துகொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைக் கோயில் தூணிலே கன்னடத்தில் வெட்டியும் வைத்தான். தமிழ் நாட்டின் நடுவே அந்தக் கன்னடக் கல்வெட்டை இத்தனை நூற்றாண்டுகளாக எவரும் செதுக்கி அழிக்கவில்லை. இங்கே பல்லவன் எழுத்தைத் தேய்த்ததில் மழைக்கும் வெயிலுக்கும் எவ்வளவு பங்கு, மனிதர்களுக்கு எவ்வளவு பங்கு என்று கிழவரிடம் நான் கேட்கவில்லை. அவரோ கைலாசநாதர் கோயிலின் தூண் எந்தப் பக்கம், எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தார். காஞ்சிக்கு ஒருமுறை வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசையாம். ஆம்பூர் வழியாகத்தான் ரயில் போகிறது, இறங்கிவிட்டுப் போங்கள் என்று என் மனைவி சொன்னாள்.

அதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது. குன்று முழுவதும் முதலில் செம்பாகவும், பிறகு தணலாகவும் மாறிற்று. ஏரி நீரில் பூதநாதர் கோயிலின் நிழல் அசையாமல் கிடந்தது. பையன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த விக்கிரமாதித்தனைப் பற்றிக் கதை ஏதாவது உண்டா என்று கேட்டான்.

கதை இருக்கிறதோ என்னவோ, கோயில் இருக்கிறது. காஞ்சி வெற்றியின் ஞாபகமாக அவன் ராணி லோகமகாதேவி எழுப்பிய விரூபாட்சர் ஆலயம், இருபத்திரண்டு கிலோமீட்டர் தொலைவில் பட்டடக்கல்லில் நிற்கிறது. வெயிலுக்கு முன்னே போய்ச் சேர வேண்டுமென்று, காலை ஆறு மணிக்கு வரும்படி ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பினோம்.