இலஞ்சியில் இரண்டு நாள்

குற்றாலத்துக்கு சீஸனில் போகிற பலருக்கு இலஞ்சி என்பது ஜன்னல் வழியே தெரிகிற ஓர் ஊர், அவ்வளவுதான். பச்சை வயல், தென்னந்தோப்பு, குமாரர் கோயில் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடும். நம் மனம் அதற்குள் அருவிக்கரைக்குப் போய்விட்டிருக்கும். நானும் அப்படித்தான் பல தடவை அந்த ஊரைத் தாண்டியிருக்கிறேன். இந்த ஆனியில்தான் மகளோடு அங்கே இறங்கி இரண்டு நாள் தங்கினேன்.

வருஷந்தோறும் எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனவள் என் தாயார். அவள் அதிகம் குளிக்கமாட்டாள். உலர்ந்த துண்டோடு கரையில் நின்றுகொண்டு, "போதும், வா! ஜலதோஷம் பிடிக்கும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். போன தை மாதம் அவள் காலமானாள். அந்தக் கரையைத் தனியே பார்க்க எனக்குத் துணிவில்லை. அப்போதுதான் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. "இலஞ்சிக்கு வா. அருவிக்குப் போகவேண்டாம். என்னோடு சும்மா இரு" என்று எழுதியிருந்தார்.

டீச்சர் கிறிஸ்தவர், தனியாக வசிப்பவர். ஓர் இடத்தில் உட்கார அறியாதவர். ஆனால் போன ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இப்போது கோலூன்றி நாலடி நடந்தால் பெரிது. திண்ணையில் ஒரு நாற்காலி, மடியில் வேதப் புத்தகம், எதிரே மலை.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு காற்றாக வந்து, இந்தப் பக்கம் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்துவிட்டுப் போகிறது. ஆவணி வரையில் இந்தச் சுகம். பிறகு காற்றின் திசை மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையிலோ அருவி நூலாக இளைத்து, சில வருஷம் வெறும் பாறையே நிற்கும்.

"சித்திரையில் அந்தப் பாறையைப் பார்த்து, அருவி செத்துப்போயிற்று என்று யாராவது அழுவார்களா?" என்றார் டீச்சர்.

எனக்குச் சுருக்கென்றது. "அருவி திரும்பி வரும், டீச்சர். அம்மா வரமாட்டாளே!"

டீச்சர் சிறிது நேரம் பேசவில்லை.

"வரமாட்டார்கள்தான். மறுமையில் சந்திப்போம் என்பது எங்கள் நம்பிக்கை. ஆனால் இங்கே வரமாட்டார்கள். என் காலும் பழைய கால் ஆகாது. எல்லாம் திரும்பி வரும் என்று ஆண்டவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, அம்மா. வருகிற காலம் அவர் கையிலிருந்து வருகிறது என்று மட்டும் நம்புகிறேன். அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு ஆறு மாதம் பிடித்தது!"

பிறகு டோனாவூர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தெற்கே இருக்கிறது டோனாவூர். அயர்லாந்தில் 1867-ல் பிறந்த எமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார்; பிறகு தாய்நாடு திரும்பவே இல்லை. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் தம்மிடம் வைத்து வளர்த்தார். குழந்தைகளுக்கு அவர் "அம்மா".

1931 அக்டோபர் 24 அன்று, மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். அந்தி இருட்டில், புதிதாக வெட்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. விழுந்ததில் கால் முறிந்தது. ஓடியாடித் திரிந்தவருக்கு அதன் பிறகு 1951 ஜனவரி 18-ல் கண்மூடும் வரை, ஏறத்தாழ 20 வருஷம், பெரும்பாலும் ஓர் அறையே உலகமாயிற்று. அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார், குழந்தைகளை அழைத்துப் பேசினார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டி இருக்கிறது.

"அவர்களுக்கும் வலி இருந்தது, தூங்காத ராத்திரிகள் இருந்தன. அதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது" என்றார் டீச்சர்.

மாலையில் தெருக் குழந்தைகள் ஆறு பேர் சிலேட்டும் நோட்டுமாகத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். முன்பு டீச்சர் குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போவாராம். இப்போது அவர்கள் தேடி வருகிறார்கள்.

வேதப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே காய்ந்த மகிழம்பூச்சரம் ஒன்று இருந்தது. இலஞ்சி என்றாலே மகிழமரம் என்று ஒரு பொருள் உண்டு. மற்ற பூக்கள் வாடினால் குப்பைக்குப் போகும். மகிழம்பூவோ காய்ந்த பிறகும் மணக்கும். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே அம்மாவும் அதைத்தான் போட்டு வைப்பாள். முகர்ந்து பார்த்தேன். கண் கலங்கியது, ஆனாலும் நெஞ்சு அடைக்கவில்லை.

மறுநாள் காலையில் நானே, "அருவிக்குப் போய்விட்டு வருகிறோம், டீச்சர்" என்றேன். "போய் வா" என்றார். அவ்வளவுதான்.

பேரருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் என் மகள் தலையைக் கொடுத்துவிட்டு வரவே மனமில்லாமல் நின்றாள். ஈரக்காற்றில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"போதும், வா! ஜலதோஷம் பிடிக்கும்" என்று ஒரு குரல் கேட்டது.

என் குரல்தான். கையில் உலர்ந்த துண்டோடு கரையில் நின்றுகொண்டிருந்தேன்.