கரிசலுக்கேற்ற டிராக்டர்

ஆடிக் கடைசி வெள்ளி கழிந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி செல்லும் பேருந்தில் நாம் ஏறியபோது கூட்டமே இல்லை. திருவிழா நாள்களில் பொங்கற் பானையும் வேப்பிலையுமாய் நெருக்கியடித்து வரும் மக்கள், தத்தம் ஊர் திரும்பிவிட்டனர். நாம் மட்டும் ஒரு கேள்வியைச் சுமந்து சென்றோம். நமது பங்கின் மாணவர் விடுதி நிலத்திற்கு எத்தகைய டிராக்டர் வாங்குவது என்பதே அக்கேள்வி.

பங்குத்தந்தைக்கு இது என்ன கவலை என்று வாசகர் புன்னகைக்கலாம். விடுதிக்குப் பதினோர் ஏக்கர் நிலம் உண்டு. ஆறு ஏக்கர் வானம் பார்த்த கரிசல். மூன்று ஏக்கர் நெல்லித் தோப்பு. எஞ்சியது விளையாட்டுத் திடலும் பாதையும் கட்டடங்களும். கரிசலில் விளையும் கம்பும் உளுந்தும் பிள்ளைகளின் தட்டுக்கே வருகின்றன. முன்பு ஒரு சோடி உழவு மாடுகள் இருந்தன. அவற்றை ஓட்டிய பெரியவர் தளர்ந்தபின் மாடுகளும் விற்கப்பட்டன. அன்றுமுதல் வாடகை டிராக்டரே கதி. சென்ற புரட்டாசியில் நல்ல மழை பெய்தது. ஊரில் எல்லாருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டியிருந்ததால், நமது முறை வர ஒன்பது நாள்கள் ஆயின. அதற்குள் நிலத்தின் பதம் போயிற்று. மூன்று ஏக்கர் விதையின்றிக் கிடந்தது.

இதைக் கண்ட பங்குப் பெண்கள் தாமாகவே ஓர் உண்டியல் வைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு ஆலைகளில் கூலி வேலை செய்தும் பிழைப்பவர்கள். வாரந்தோறும் கூலி நாளில் அவர்கள் இட்ட காசும், வேறு சிலர் தந்ததும் சேர்ந்து ஆறு இலட்சத்தை நெருங்கியது. மருந்து நெடி படிந்த கைகள் எண்ணிக் கொடுத்த பணம் அது. அதில் தவறு செய்ய நமக்கு உரிமையில்லை என்ற அச்சமே நம்மை இருக்கன்குடிக்கு அனுப்பியது. அங்கே ஒரு விவசாயி ஏழாண்டுகளாகச் சிறிய டிராக்டர் ஒன்றை வைத்து உழைக்கிறார். அவருடைய மகன் நம் விடுதியில் தங்கிப் படித்தவன்.

இருக்கன்குடி, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரைச் சுமந்துவரும் வைப்பாறு, இவ்வழியே கிழக்கு நோக்கிச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டில் மாரியம்மன் கோயில். அருகே இரண்டு ஆறுகளின் நீரையும் தேக்கும் அணை. நாம் சென்றபோது ஆறுகள் இரண்டும் மணலாகக் கிடந்தன. மணலின் நடுவே சீமைக் கருவேல் பச்சைப் பசேலென நின்றது. விழாவிற்கு வந்தோர் மூட்டிய அடுப்புக் கற்கள் வரிசை வரிசையாய்க் கரிபிடித்துக் காணப்பட்டன. மணலில் டிராக்டர்ச் சக்கரத் தடங்களும் நிறைய இருந்தன. தொலைவூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக டிராக்டர் வண்டிகளில் வந்து சேர்வது இப்பக்கத்து வழக்கம்.

நண்பர் பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தார். அறுபதைக் கடந்தவர், நாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். வீட்டில் மோரும் சாத்தூர்ச் சேவும் தந்து உபசரித்தபின், “சாமி, வண்டியப் பாக்கறதுக்கு முன்ன நெலத்தப் பாப்போம். நெலம் சொல்றதத்தான வண்டி கேக்கணும்” என்று எழுந்தார்.

கரிசலைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். கோடையில் அது கை நுழையும் அளவிற்கு வெடித்து, பாறைபோல் இறுகும். மழை பெய்தால் பசைபோல் ஒட்டி, காலையும் சக்கரத்தையும் விடாது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே, ஈரம் சற்று வாங்கி மண் உதிரியாகும் சில நாள்களே உழவிற்கும் விதைப்பிற்கும் உரியவை. ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் மாவட்டம் இது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வருவது. புரட்டாசிப் பட்டத்தில் அச்சில நாள்களைத் தவறவிட்டவன் அந்த ஆண்டையே தவறவிடுகிறான்.

அண்ணாச்சியின் டிராக்டர் இருபத்துநான்கு குதிரைத்திறன் உடையது; நான்கு சக்கரங்களும் இழுப்பவை. அகலம் ஒரு மீட்டரை ஒட்டியது. வேப்பமர நிழலில் அது நின்றபோது, பக்கத்தில் நின்ற எருமைக்குப் பெரிதும் மிஞ்சியதாகத் தோன்றவில்லை. நம் பங்கு இளைஞர் ஐம்பது குதிரைத்திறன் வண்டியே வேண்டும் என்று வாதிட்டிருந்ததை நாம் எடுத்துரைத்தோம். அவர் சிரித்துவிட்டு, ஒரு குச்சியால் தரையில் கணக்கெழுதலானார்.

“உங்க கரிசலு ஆறு ஏக்கரு. பெரிய வண்டி ஒம்போது கொத்துக் கலப்பையப் போட்டு மணிக்கு ஒரு ஏக்கரு ஓட்டிரும். கோட உழவு, அப்புறம் ரெண்டு உழவு, விதைப்பு எல்லாம் சேத்தாலும் வருசத்துக்கு இருபத்தஞ்சு மணி நேரம். மிச்ச நாளெல்லாம் அது என்ன செய்யும் சாமி? நெழல்ல நின்னு வட்டி தின்னும்.”

பின்னர் மற்ற வேலைகளைக் கேட்டார், நாம் சொன்னோம். நெல்லி வரிசைகளுக்கிடையே களை எடுப்பது, திடலில் புல் வெட்டுவது, எரு இழுப்பது, கண்மாய்க் கரம்பை அடிப்பது, கோடையில் தண்ணீர்த் தொட்டி இழுப்பது, வேலியோரம் தலையெடுக்கும் சீமைக் கருவேலை அடக்குவது, மழைக்குப்பின் பாதையைச் சமன் செய்வது. கூட்டிப் பார்த்தால் ஆண்டிற்கு இருநூறு மணி நேரத்தைத் தாண்டியது. இவற்றுள் ஒன்றுக்கும் ஐம்பது குதிரைத்திறன் தேவையில்லை. மாறாக, ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள பெரிய வண்டி நெல்லிக் கிளைகளை முறிக்கும்; ஈர மண்ணை மிதித்து இறுக்கும். ஒரு டன்னுக்குக் குறைந்த சிறு வண்டியோ மரங்களுக்கிடையே புகுந்து திரும்பும்.

இவ்வகைச் சிறு டிராக்டர், சின்னஞ்சிறு வயல்கள் நிறைந்த ஜப்பானில் வளர்ந்தது. குபோட்டா நிறுவனம் 1969-இல் இருபத்தொரு குதிரைத்திறன் வண்டி ஒன்றை அமெரிக்காவிற்கு அனுப்பியது. அங்குள்ளோர் அத்தகைய வண்டிகளைக் கொண்டு வீட்டுப் புல்வெளியை வெட்டினர். குளிர்காலத்தில் முன்புறம் தகடு பொருத்திப் பாதையில் விழுந்த பனியைத் தள்ளினர். இருக்கன்குடியில் பனி பெய்வதில்லை. ஆனால் அதே தகடு இங்கே கரம்பையைத் தள்ளுகிறது. வெட்டிப் போட்ட முள்ளை ஒதுக்குகிறது. நம் நாட்டிலும் இன்று தேர்வுக்குக் குறைவில்லை. மகிந்திரா யுவராஜ் 215, சுவராஜ் 717 ஆகியவை பதினைந்து குதிரைத்திறன், வி.எஸ்.டி. நிறுவனம் பதினெட்டரையில் ஒன்று தருகிறது. மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி 2441 ஆகியவை இருபத்துநான்கு. ஜான் டியர் 3028 இருபத்தெட்டு.

“பதினஞ்சு போதாதா அண்ணாச்சி? விலையும் குறைவு” என்று கேட்டோம்.

“செவக்காட்டுக்குப் போதும். கரிசலுக்குத் திணறும். ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற சின்ன வண்டி ஈரத்துல நின்ன எடத்துலயே சுத்தும். இருவத்திநாலு இருந்தா நாலடி ரோட்டவேட்டரு சுத்தும், அஞ்சு கொத்துக் கலப்ப இழுக்கும். ஆனா ஒண்ணு சாமி, வெடிச்சுக் கெடக்குற கோடக் கரிசல அதால ஒடைக்க முடியாது. சட்டிக் கலப்பைக்குப் பெரிய வண்டிதான். அதுக்கு வாடகைக்கு எடுத்துக்கங்க. கோடையில யாரும் அடிச்சுப் புடிச்சு வர மாட்டாங்க.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. இ-வாடகை என்னும் செயலி வழியே பதிவு செய்யலாம். மழைக்குப்பின் எல்லாரும் முண்டும் அந்தச் சில நாள்களுக்கு மட்டுமே நமக்குச் சொந்த வண்டி இன்றியமையாதது. வளர்ந்த சீமைக் கருவேலைத் தூரோடு பிடுங்கும் வேலையும் சிறு வண்டிக்கு ஆகாது என்றார். அதற்கு மண்வாரி இயந்திரம் வேண்டும். பிடுங்கியபின் துளிர்ப்பதை அடக்கவே இது உதவும். அப்போதும் முள் குத்தாத தடித்த டயர் தேவை. அவருடைய முதல் ஆண்டில் மட்டும் பதினேழு முறை பஞ்சர் ஒட்டினாராம்.

மாலையில் அவர் புல் வெட்டும் இடத்திற்கு நம்மை அழைத்துச் சென்றார். பட்டாசு ஆலை ஒன்றின் வெளிவேலியை ஒட்டிய நிலம். ஆலைக் கொட்டகைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் இருத்தலாகாது. இப்பக்கத்தில் புல் வெட்டுவது அழகுக்காக அன்று. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் நேர்ந்த வெடி விபத்தை மறந்தவர் இங்கு எவருமிலர். அண்ணாச்சியின் வண்டியில் புகைக்குழாயின்மேல் தீப்பொறி தடுப்பான் பொருத்தியிருந்தது. அப்படியிருந்தும் வேலிக்கு உட்புறம் அவர் வண்டியைக் கொண்டுசெல்வதே இல்லை. “உள்ள கையரிவாதான் சாமி. வண்டிக்கு ஒரு எல்ல இருக்கணும்” என்றார். அந்த ஆலையின் வாயிலிலிருந்து வேலை முடிந்து வெளிவந்த பெண்களைக் கண்டபோது நமது உண்டியல் நினைவிற்கு வந்தது.

திரும்பும் வழியில் கண்மாய்க் கரை குறுக்கிட்டது. அண்ணாச்சி வண்டியைக் கரைமீது ஏற்றாமல் நெடுந்தொலைவு சுற்றிப் போனார். காரணம் கேட்கவேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை. முன்பு நாம் பணியாற்றிய பங்கில், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் கரைச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அதன் அடியில் சிக்கி இறந்தான். மட்கார்டில் அமர்ந்திருந்த அவனுடைய தம்பி ஒரு காலை இழந்தான். அடக்கச் சடங்கை நடத்தியவர் நாமே. அந்த வண்டிக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் இல்லை. ஓட்டுநரின் தலைக்குமேல் நிற்கும் அந்த இரும்பு வளைவும் இருக்கைப் பட்டையும் இருந்திருந்தால், ஓட்டியவன் ஒருவேளை பிழைத்திருப்பான். குறுகிய அகலமுள்ள சிறு வண்டி சரிவில் எளிதிற் சாயும் என்பதைச் சிறு வண்டி வாங்குவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். தோப்பில் கிளைகள் தட்டாதிருக்க அச்சட்டத்தை மடக்குவதுண்டு. தோப்பைவிட்டு வெளிவந்தவுடன் நிமிர்த்திவிட வேண்டும்.

இன்னொன்றையும் அண்ணாச்சி காட்டினார். வண்டியின் பின்புறத்தில் நிமிடத்திற்கு 540 முறை சுழலும் தண்டு. சுழற்கலப்பைக்கும் புல்வெட்டிக்கும் ஆற்றல் தருவது. அதன்மேல் உறை இருந்தது. “வேட்டி முனை பட்டாப் போதும் சாமி, ஆளயே சுருட்டிரும். நான் அரைக்கால் சட்ட போடுறதப் பாத்து ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அன்றிரவு சாத்தூர் திரும்பும் பேருந்தில் முடிவு செய்தோம். இருபத்துநான்கு குதிரைத்திறன், நான்கு சக்கர இழுப்பு, கவிழ்வுக் காப்புச் சட்டம் உள்ள வண்டி ஒன்று. அதனுடன் நாலடிச் சுழற்கலப்பை, ஐந்து கொத்துக் கலப்பை. புல்வெட்டி மறு ஆண்டில். டிராக்டர்களுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது நமக்கு உதவியது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்னும் திட்டத்தின்கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் 50 விழுக்காடு வரையும், பிறர்க்கு 40 விழுக்காடு வரையும் உச்சவரம்புக்குட்பட்ட மானியம் உண்டு. தனி விவசாயியாய் வாங்க எண்ணும் வாசகர்கள் முன்பணம் கட்டுமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று.

பங்குப் பேரவையில் இதைச் சொன்னபோது இளைஞர் முகம் வாடியது. நாம் அண்ணாச்சியின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய் எழுந்து, “அப்ப எங்க நாலு வீட்டுக் காட்டுக்கும் அது வருமா சாமி?” என்று கேட்டார். விடுதி நிலத்தில் விதைப்பு முடிந்த மறுநாள் முதல், டீசலுக்கும் ஓட்டுநர் கூலிக்கும் மட்டும் பெற்றுக்கொண்டு வரும் என்றோம். “விதைப்பு முடிஞ்ச மறுநாள் பதம் இருக்குமா?” என்று அவர் மீண்டும் கேட்டார். நம்மிடம் விடையில்லை. சென்ற ஆண்டு ஒன்பது நாள்கள் காத்திருந்தவர் நாம்தாமே.

ஆகவே முறை மாற்றப்பட்டது. முதல் நாள் விடுதிக்கு இரண்டு ஏக்கர். அடுத்த நாள் அவ்வீடுகளுக்கு இரண்டு ஏக்கர். இப்படி மாறி மாறி. உரிமம் பெற்ற இருவரே ஓட்டுவர். மட்கார்டில் எவரும் அமர்தல் கூடாது. கரைமேல் ஏறுதல் கூடாது. இவ்விதிகளை எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியுள்ளோம்.

வண்டி வந்துவிட்டது. புரட்டாசி நெருங்குகிறது. இதை எழுதும் வேளையில் மேற்கே மேகம் திரள்கிறது. உண்டியலிட்ட பெண்கள் வேலைக்குச் செல்லும் வழியில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டே செல்கின்றனர்.