சோதித்ததுதான் போய்ச் சேர வேண்டும்

சேத்தியாத்தோப்பு என்றால் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், வெள்ளாற்று அணைக்கட்டும், வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பும் நீரேற்று நிலையமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஊருக்குப் பக்கத்தில், வயலோரத்து வீட்டு மாடி ஒன்றிலிருந்து மென்பொருளும் வெளியூர்களுக்குப் போகிறது. அதை அனுப்புகிற ரிலீஸ் இன்ஜினியரைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர், கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்து இங்கிருந்தே தொடர்கிறார். அவருடைய நிறுவனம் மருந்துக் கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளைத் தயாரிக்கிறது. காலாவதியான மாத்திரை அலமாரியில் தங்கிவிடாமல் எச்சரிக்கிற மென்பொருள் அது.

புரோகிராமர்கள் எழுதும் கோடு அப்படியே சர்வரில் ஓடிவிடாது. அதைத் தொகுத்து, வேண்டிய லைப்ரரிகளைச் சேர்த்து, ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். கட்டுகிற வேலைக்குப் பில்டு என்று பெயர். கட்டி முடித்த பொதி ஆர்ட்டிஃபாக்ட். அது ஒரு ஜார் கோப்பாக இருக்கலாம், டாக்கர் இமேஜாகவும் இருக்கலாம். யாராவது கோடு எழுதிச் சேர்த்ததும் ஜென்கின்ஸ் போன்ற கருவி தானாகப் பில்டு எடுத்து, சோதனைகளை ஓட்டி, எண் போட்டு அடுக்கி வைக்கிறது. டெஸ்டிங், ஸ்டேஜிங், கடைசியில் வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் என்று படிப்படியாகப் போகும் இந்தப் பாதைதான் பைப்லைன். அடுக்கி வைத்தவற்றில் எது அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில்தான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம் இருக்கிறது.

நான் போனபோது அவருடைய திரையில் 412, 413, 414 என்று மூன்று பில்டுகள் இருந்தன. மூன்றுக்கும் பச்சை விளக்கு. அவர் 412-ஐ எடுத்தார்.

“414தானே புதுசு? அதை ஏன் விட்டுட்டீங்க?” என்று கேட்டேன்.

“புதுசுதாண்ணா. ஆனா டெஸ்டிங்ல அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்கிரீனா பார்த்தது 412-ஐத்தான். 414-ஐ மெஷின் மட்டும்தான் பார்த்திருக்கு.”

சென்னையிலிருக்கும் அந்த டெஸ்டரைப் போனில் கூப்பிட்டார். “அக்கா, 412தானே? செக்சம்மோட கடைசி ஆறு எழுத்தை மட்டும் படிங்க.” அந்தப் பக்கம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, இவர் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போனார். இந்த ஒப்பீட்டைக் கருவியும் செய்துவிடும். இருந்தாலும் ரிலீஸ் நாளில் இரண்டு பேர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதை அவர்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

செக்சம் என்ன செய்யும் என்பதை எனக்குக் காட்டவே ஒரு கோப்பைத் திறந்து ‘சேத்தியாத்தோப்பு’ என்று தட்டினார். எஸ்எச்ஏ-256 முறையில் அதற்கு 64 எழுத்து நீளத்தில் ஒரு கைரேகை வந்தது. பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளி வைத்து மறுபடி ஓட்டினார். முன்னதற்கும் இதற்கும் துளியும் ஒட்டு உறவில்லாத வேறொரு வரிசை வந்து நின்றது. பல நூறு எம்பி அளவுள்ள பொதியில் ஒரு பைட் மாறினாலும் இப்படித்தான் காட்டிக்கொடுத்துவிடும்.

“அதே கோடுதானே, புரொடக்‌ஷனுக்குன்னு தனியா ஒரு பில்டு எடுத்தா என்ன?” என்று கேட்டேன்.

“கோடு அதேதாண்ணா. ஆனா வந்து சேர்றது அதேவா இருக்கும்னு எப்படிச் சொல்றது? நேத்து எடுத்த லைப்ரரி இன்னிக்கு வேற வெர்ஷனா இறங்கும். கம்பைலர் மாறியிருக்கும். ஒண்ணுமே மாறலைன்னாலும் உள்ள பதியற தேதியாவது மாறிடும்.”

ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும் 2010-இல் தொடர் வெளியீட்டைப் பற்றி எழுதிய புத்தகம் வற்புறுத்துவதும் இதைத்தான்: பில்டு ஒருமுறைதான், அந்த ஒன்றே எல்லாப் படிகளையும் கடக்க வேண்டும். அதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை. ஒவ்வொரு படிக்கும் வேறுபடும் டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு போன்றவை பொதிக்கு வெளியே இருந்தாக வேண்டும். உள்ளே வைத்துக் கட்டிவிட்டால் படிக்கொரு பில்டு எடுக்க வேண்டியதாகிவிடும்.

பேச்சின் நடுவில் அவருடைய அப்பா சம்பா நடவுக்கு வாங்கி வந்த பி.பி.டி. 5204 விதைப் பையைத் திண்ணையில் இறக்கினார். பையோடு சேர்த்துத் தைத்திருந்த நீல அட்டையைக் காட்டினார். சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை. அட்டையில் குவியல் எண், சோதித்த தேதி, முளைப்புத் திறன். நெல்லுக்கு முளைப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

“பை பிரிச்சிருந்தா நான் தொடவே மாட்டேன் தம்பி. உள்ள வேற நெல்லக் கொட்டித் தச்சிருந்தா, அந்த அட்டைக்கு என்ன மரியாதை?” என்றார்.

மகள் மாடியில் செய்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சோதனைக்குப் பிறகு மறுபடி பில்டு எடுப்பது பையைப் பிரித்துக் கொட்டித் தைப்பதுதான். டாக்கரில் ‘லேட்டஸ்ட்’ என்று ஒட்டும் டேகை நம்பி எடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அந்தப் பெயர் இன்று ஓர் இமேஜைக் காட்டும், நாளை வேறொன்றைக் காட்டும். இமேஜின் டைஜெஸ்டைச் சொல்லிக் கேட்டால்தான் சோதித்த அதே பொதி வரும்.

போய்ச் சேர்ந்தது எது என்று சரிபார்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நைட் கேபிட்டல் ஒரு பாடம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த அமெரிக்கப் பங்குவணிக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடு ஏறவில்லை. அதில் தங்கியிருந்த பழைய நிரல் உயிர்பெற்றுக் கண்டபடி ஆர்டர் போட்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

பொதிக்குள் இருப்பது படித்த கோடுதானா என்று பார்க்கத் தவறினாலும் ஆபத்துதான் என்பதை 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் காட்டியது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள அந்தச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் படிக்கக்கூடிய கோட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு பில்டு ஸ்கிரிப்ட், வெளியிட்ட பொதிக்குள் மட்டும் இருந்தது. ரிமோட் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. ஒரே மூலத்திலிருந்து யார் பில்டு எடுத்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பொதி வர வேண்டும் என்று டெபியன் சமூகம் ஆண்டுக்கணக்கில் பாடுபடுவதன் அருமை இங்கேதான் புரிகிறது. அப்படி வந்தால், பொதிக்கும் கோடுக்கும் உள்ள உறவை யாரும் சோதித்துக்கொள்ளலாம்.

அனுப்புவதைப் போலவே எதைச் சேமித்து வைப்பது என்பதும் தேர்வுதான். நாளெல்லாம் பில்டு ஓடினால் டிஸ்க் நிரம்பிவிடும், பழையதைக் கழித்தாக வேண்டும். இவர்கள் வைத்திருக்கும் விதி எளிமையானது. டெஸ்டிங் தாண்டாதவை சில வாரங்களில் அழியும். புரொடக்‌ஷனில் ஓடுவதையும், அதற்கு முன்பு ஓடியதையும் யாரும் தொடக் கூடாது. “நடுராத்திரியில கடைக்காரர் போன் பண்ணா, பழைய பொதியை ஏத்திட்டுத்தான் காரணம் தேடணும். பழசு இல்லேன்னா எங்க போறது?” என்றார்.

இவ்வளவு பொறுப்புள்ள இந்த வேலை வெளியே தெரிவதில்லை. புது வசதியைக் கட்டியவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. தப்பான பொதி போகாமல் தடுத்தவர் செய்தது யார் கண்ணிலும் படுவதில்லை. கரண்ட் போனால் யூபிஎஸ், பைபர் அறுந்தால் மொபைல் நெட் என்று இரண்டுக்கும் மாற்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் இவர். கோடு எழுதச் சொல்லித் தரும் அளவுக்கு, எழுதியதைக் கட்டி அடையாளமிட்டுப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் கிராமத்து மாணவர்களுக்குக் கணினித் தொழில்நுட்பம் கற்றுத்தருகின்றன. கல்லூரிகளும் இந்த வேலையைத் தனிக் கலையாகவே பாடத்தில் வைக்க வேண்டும்.

நம் மருந்தும் சம்பளமும் ரேஷனும் இன்று மென்பொருள் வழியாகத்தான் நம்மிடம் வருகின்றன. அதை நடத்தும் எந்த அலுவலகமும் மூன்று கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது ஓடுவது எந்தப் பொதி? எந்தக் கோடிலிருந்து வந்தது? சோதித்தது யார்? அன்று மாலை 412-ஆம் பில்டு கடைகளுக்குப் போனபோது, சேத்தியாத்தோப்பில் மூன்றுக்கும் பதில் தயாராக இருந்தது. 414 தன்னுடைய சோதனை முடிந்த பிறகு போகும்.