சிறு துளையும் பெருங்கசிவும்

சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கே உரியதென யாம் எண்ணியிருந்தோம். இழப்புக்கும் அஃது உரித்தென்பதைச் சென்ற கோடை விடுமுறையில் எமக்குக் கற்பித்தது, போடிநாயக்கனூரில் எம் மாமனுடைய ஜீப்பு வண்டியாகும்.

அவ்வண்டி வைகறையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏலத் தோட்டங்கட்குச் செல்வது. எஞ்சினின் ஆற்றலை முன் சக்கரங்கட்கும் பின் சக்கரங்கட்கும் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்பர் பெட்டி அதன் நடுவயிற்றில் உளது. 1941 ஆம் ஆண்டில் போருக்கென உருவாகத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிற் போலவே, இதன் கைப்பிரேக்கும் சக்கரத்தில் இல்லை. அப்பெட்டியின் பின் தண்டிலேயே உளது. தண்டு வெளிவரும் வாயில் எண்ணெயைத் தடுத்து நிற்பது ஆயில் சீல் என்னும் இரப்பர் வளையம். அது பழுதுற்றால் எண்ணெய் முதலில் நனைப்பது பிரேக்கு லைனிங்கையே.

நாடோறும் தரையில் ஒரு கறை கண்டோம். "துளிதானே, மாமா!" என்றோம். ஒருநாள் மலைச் சரிவில் நிறுத்தியிருந்த வண்டி, பெண்கள் எழுவர் உள்ளே அமர்ந்திருக்க, மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. மாமன் பாய்ந்து சக்கரத்தின்கீழ்க் கல்லை இட்டார். எவர்க்கும் ஊறில்லை. ஆயினும் அவர்கள் எழுப்பிய கூக்குரல் எம் செவியை விட்டு அகலவில்லை.

அன்று மாலையே சக்கரங்கட்குக் கட்டையிட்டு வேலை தொடங்கினோம். புரொப்பெல்லர் தண்டையும் பிரேக்கு டிரம்மையும் நீக்கி, நடு நட்டைத் திருகி, கப்ளிங்கை உருவினோம். பழைய சீலின் உதடு கொம்புபோல் இறுகியிருந்தது. மாமன் கப்ளிங்கை நகத்தால் தடவிப் பள்ளம் விழவில்லை எனத் தேர்ந்தார். விழுந்திருப்பின் புதுச் சீலும் ஒழுகும் என்றார். பின்னர்ப் புதியதன் உதட்டில் கிரீசு தடவி, சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்குமாறு, சாயாமல் தட்டி அமர்த்தினார், லைனிங்கையும் மாற்றினார். பெட்டியின் மூச்சுக்குழாயைத் துலக்கும் பணி எமக்கு வாய்த்தது. விரைவில் முடித்தோம்.

மூன்றாம் நாள் மீண்டும் கறை! சீல் விற்ற கடைக்காரரைச் சினந்து புறப்பட்டோம். வழியிற் கண்ட முதிய மெக்கானிக்கு ஒருவர், "தம்பி, மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா?" என வினவினார். எம் நா எழவில்லை. என்னை? மேற்சேற்றைத் துடைத்தோமேயன்றித் துளையைக் குத்திப் பார்த்தோமில்லை. ஓட்டத்தில் பெட்டி சூடேற உட்காற்று விரியும். போக்கிடம் காணாத அக்காற்று எண்ணெயைச் சீலின் வழியே உந்தும்.

மாமனிடம் உண்மை உரைத்தோம். அவர் கடிந்திலர், ஒரு கம்பியை எம் கையில் தந்தார். துளையினின்றும் உலர்ந்த சேறு உதிர்ந்தது. லைனிங்கை மீண்டும் ஒருமுறை மாற்றினோம். அதன்பின் கறை காணோம்.

துடைத்ததைத் துலக்கியதெனச் சொன்ன எம் பொய்யை எவரும் கண்டிலர். அவ்வெண்ணெய்த் துளி ஒன்றே கண்டது. வண்டியில் ஏறும் அப்பெண்கள் சீலையும் அறியார், மூச்சுக்குழாயையும் அறியார். எம்போல்வார் கையை நம்பியே ஏறுகின்றனர்.