புகையை எடை போடும் பிள்ளை

மேருவில் கொடியில் வெள்ளைத் துணி காயப்போடும் பெண்களுக்குப் புகையைப் பற்றிப் பாடம் வேண்டாம். ஆனால் "கரி விழுகிறது" என்றால் போதாது, எண் வேண்டும். 1978-இல் வந்த சுத்தக் காற்று விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2014-இல் வந்த விதிகளும் ஆலைப் புகையின் தூசுக்கு வரம்பு வைத்தன.

அதை அளக்கப் புகைபோக்கி ஏறுவதுதான் என் தங்கை மகனுக்கு வேலை.

"ஏறுவது கடைசிதான் பெரியம்மா, பாதி வேலை கீழேயே முடிந்துவிடும்" என்பான். வடிதாளை உலர்த்தி எடை போடவேண்டும். குழாயில் கசிவு பார்க்கவேண்டும். புகை போகிற வேகத்திலேயே குழாயும் உறிஞ்சவேண்டும். வேகம் மிஞ்சினால் கனத்த தூசு உள்ளே திரும்பாமல் நேரே மேலே போய்விடும். கணக்கில் ஆலை நல்ல பிள்ளையாகிவிடும்! இன்னொரு வடிதாளைப் புகை காட்டாமலே கொண்டுபோய்க் கொண்டுவருவார்களாம். அதன் எடை ஏறியிருந்தால் அது வழியில் ஒட்டிய அழுக்கு.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அன்று பாய்லர் எப்படி ஓடியது? அரை வேகத்தில் ஓட்டி அளந்தால் எண் சரி, சேதி பொய். செம்பனை ஆலையென்றால் அன்று எரித்த நார், ஓடு, வந்த நீராவி எல்லாவற்றையும் குறிக்கவேண்டும் என்று திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவிடுவார்களாம்.

புகார் எழுதப் போகிறவர்கள் துணி கருத்த நாளையும் மணியையும் காலண்டரில் குறித்துவையுங்கள். அளந்த நாளில் ஆலை எப்படி ஓடியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.